பதினைந்தாம் எண் இருக்கை

என் மச்சான் டெல்பர்ட் ஹின்ட்ஸ் 1927 நவம்பர் 3 அன்று ஏரிக்கரை ஊரான ஷெபாய்கனில் பிறந்தார். 1998 மார்ச் 19 அன்று அதே ஊரில், பிறந்த வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இறந்தார். இடைப்பட்ட காலத்தில் முப்பத்தொன்பது வருடம் குளியல் தொட்டி வார்க்கும் ஆலையில் வேலை பார்த்தார். செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பில் அவ்வளவுதான் இருந்தது. டிரம் கோர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான்.

டெல்பர்ட்டின் தங்கை வெர்னாவை நான் 1956-இல் மணந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவர் என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோர் பார்ப்பியா?"

"பார்ப்பேன்."

"அப்ப சரி மாப்ளே. மத்ததெல்லாம் அவ பார்த்துப்பா."

டிரம் கோர் என்றால், பித்தளைக் கொம்புகளும் முரசுகளும் கொடிகளுமாக நூறு இளைஞர்கள் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பார்கள். நடுவர்கள் அவர்களுக்கு இடையிலேயே நடந்து, காதில் விழும் ஒவ்வொரு தவறுக்கும் பத்தில் ஒரு பங்கு புள்ளி கழிப்பார்கள். எங்கள் பக்கத்துக் கோடைக்காலம் அதுதான். நான் துறைமுகத்தில் ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும் வேலையில் இருந்தேன். நேரத்தில் பிசகாதவன் என்று பெயர் இருந்ததால், உள்ளூர்ப் போட்டிகள் சிலவற்றில் என்னையே நேரக்காப்பாளராகப் போட்டார்கள். மற்ற நாட்களில் டெல்பர்ட்டுடன் பார்வையாளர் படிக்கட்டில் உட்காருவேன். அப்போதும் மடியில் நோட்டு இருக்கும். தேதி, இடம், அணி, வாசித்தது, எடுத்த நேரம், உடன் வந்தவர் என்று ஆறு கட்டங்கள்.

"நீ இடது பக்கம் உட்காரு மாப்ளே," என்பார். ஆலையின் சத்தம் அவருடைய இடது காதை 1958-லேயே அடைத்துவிட்டது. "உன் கணக்குப் புலம்பலுக்கு இந்தக் காது. கொம்புக்கு அந்தக் காது."

"கேக்காத பக்கம் என்னை உக்கார வச்சுட்டு, என்கிட்டயே நேரம் கேக்கறீங்களே மச்சான்?"

"கேட்டா விரலைக் காட்டு. வாயைத் தொறக்காதே."

சொல்லிவிட்டு, கரியடுப்பில் வாட்டிய பிராட் தொத்திறைச்சி இரண்டைக் கெட்டி ரொட்டிக்குள் வைத்துக் கடுகு வழியக் கடிப்பார். நோட்டில் 1963-ஆம் வருடத்துப் பக்கங்கள் பலவற்றில் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

சாஸ்திரிய இசையெல்லாம் அவருக்கு மைதானத்தில்தான் அறிமுகம். ஜெர்மானியர், ஆஸ்திரியர், ருஷ்யர் என்று எந்த இசை மேதையையும் கொம்பும் முரசும் வாசித்துத்தான் அவர் கேட்டிருந்தார். வயலின் என்பது அவரைப் பொறுத்தவரை கொம்புக்காரர்கள் மூச்சு வாங்குவதற்குள் யாரோ நிரப்ப வேண்டிய இடம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

1974-இல் எங்கள் ஹார்பர் லான்சர்ஸ் அணி ஒரு ருஷ்ய சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கொண்டு நிகழ்ச்சியை முடித்தது. நாற்பத்துநான்கு நிமிட இசையிலிருந்து இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடியை வெட்டி எடுத்திருந்தார்கள். மைதானமெங்கும் சிதறி நின்றவர்கள் ஒரே நேர்வரிசையாகச் சேருவார்கள். கொம்புகளைத் தூக்கிக்கொண்டு, எங்கள் மேலேயே ஏறி வருவதுபோல் முன்னால் வருவார்கள். ஒரு பெரிய முழக்கம், உடனே நிசப்தம், முடிவு. அந்த இடத்தில் எழுந்து நின்று கத்தாதவனை எங்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவன் என்று நினைப்பார்கள். டெல்பர்ட் கத்துவது எதிர்ப்பக்கப் படிக்கட்டு வரை கேட்கும்.

"போடு! போடு! இன்னும் போடுங்கடா!"

அந்த ஒரு கோடையில் பதினேழு தடவை அதைக் கேட்டோம். பதினேழு தடவையும் எழுந்தார்.

வெர்னாவும் நானும் 1961 முதல் மில்வாக்கியில் சிம்பொனிக் கச்சேரிகளுக்கு வருடச் சந்தா எடுத்திருந்தோம். டெல்பர்ட் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார். ஆனால் அந்த 1974-க்குப் பிறகு கிண்டல் குறைந்தது.

"அந்த ருஷ்யாக்காரன் பாட்டை முழுசா வாசிச்சா சொல்லு மாப்ளே. நம்ம பசங்க மீதியை எங்கே விட்டாங்கன்னு பார்க்கணும்."

1979 பிப்ரவரி 11, ஞாயிறு, பிற்பகல் இரண்டரை மணிக் கச்சேரியில் அதை வாசித்தார்கள். வெர்னா தன் சீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாள்.

அன்று காலை பத்து மணிக்கே அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். இறுதிச் சடங்குகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. ஈரத் தலையைப் படிய வாரியிருந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"பிணத்தைத் தவிர எல்லாம் இருக்கு அண்ணே," என்றாள் வெர்னா.

அரங்கத்தில் எங்களுக்கு எல் வரிசை. என் இருக்கை பதினான்கு, அவருடையது பதினைந்து. அரங்கம் திறந்த நாளிலிருந்து அந்த வரிசையில் உட்காருகிறவன் நான். முன்னும் பின்னும் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியும், எனக்கு அவர்களுடைய இருமல்கூடத் தெரியும்.

முதல் பகுதி முடிந்தபோது டெல்பர்ட் கை தட்டவில்லை. யாரும் தட்டாததைக் கவனித்துக்கொண்டார். இரண்டாம் பகுதியின் நடுவில் குனிந்து, காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த ரகசியத்தில் கேட்டார்.

"நம்ம இடம் எப்ப வரும்?"

நான் விரல்களைக் காட்டினேன். இருபது நிமிடம்.

அது வந்தது. தொண்ணூறு பேர் வாசிக்கும்போது அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். மூலத்தில் அந்த முழக்கத்தோடு இசை முடிவதில்லை. அதற்குப் பின் இரண்டு எண்ணிக்கை நிசப்தம். பிறகு ஒற்றை ஓபோ குழல் மெல்லத் தொடங்கும். மேலும் ஆறு நிமிடம் இருக்கிறது. லான்சர்ஸ் அணிக்கு இசையைத் தொகுத்தவர் நிசப்தத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு இது வினாடிக் கணக்கில் தெரியும். சொல்லத் தோன்றவில்லை.

முழக்கம் விழுந்தது. அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்திருந்த அந்த இரண்டு எண்ணிக்கைக்குள், என் மச்சான் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"போடு! போடு! இன்னும் போடுங்கடா!"

ஓபோக்காரர் ஒரு கணம் தாமதித்துத்தான் தொடங்கினார். மாடியில் யாரோ சிரித்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த, ரோமக் கழுத்துப்பட்டை அணிந்த அம்மாள் முழுதாகத் திரும்பி, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இவர் உங்ககூட வந்தவரா?"

"இல்லைங்க," என்றேன். "யாருன்னு தெரியல."

டெல்பர்ட் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து அரங்கமே எழுந்து கை தட்டியபோதும் அந்தக் கைகள் வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் அவர் பேசியது ஏரியைப் பற்றித்தான். பனி நல்ல கெட்டியாக இருக்கிறது, அடுத்த வாரம் துளை போட்டு மீன் பிடிக்கலாம் என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "கூட்டிட்டுப் போனதுக்குத் தேங்க்ஸ் மாப்ளே," என்றார். இருபத்துமூன்று வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் எப்போதும் அவருடைய இடது பக்கம் உட்காருகிறவன். அந்தக் காது கேட்காது. அந்த அம்மாள் பேசியதும் மெதுவாகத்தான், நான் பேசியது அதைவிட மெதுவாக. அவர் வெட்கப்பட்டது கத்தியதற்காக மட்டுமே, என் பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இந்தச் சமாதானத்தோடு நாற்பது வருடம் இருந்தேன்.

அதே 1979 ஜூலையில் லான்சர்ஸ் ரசிகர்களுக்காகப் பழைய நிகழ்ச்சியை ஒரு தடவை திரும்ப வாசித்தார்கள். நேர்வரிசை சேர்ந்தது, கொம்புகள் எழுந்தன, எங்கள் படிக்கட்டு முழுவதும் எழுந்தது. டெல்பர்ட் பாதி எழுந்து, என் பக்கம் திரும்பினார்.

"எழுந்திரிக்கலாமா மாப்ளே?"

கேலி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அந்த இடம் கடந்துபோய்விட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் மறுபடி கச்சேரிக்குக் கூப்பிட்டேன். "காது சரியில்ல மாப்ளே. வேற யாரையாவது கூட்டிட்டுப் போ," என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டதாக என் நோட்டுகளில் இல்லை.

வெர்னா 2011-இல் போய்விட்டாள். போன அக்டோபரில் டெல்பர்ட்டின் மகள் கார்லா தொலைபேசியில் அழைத்து, அதே சிம்பொனியை அதே அரங்கத்தில் வாசிக்கிறார்கள், காரில் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். எனக்கு எண்பத்தாறு வயது. பழைய இருக்கைகளே வேண்டும் என்றேன். பிடிவாதக் கிழம் என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

போகும் வழியில் சொன்னாள்.

"இந்தப் பாட்டை அப்பா எத்தனை தடவை போட்டிருப்பார் தெரியுமா மாமா? ரெக்கார்டு வாங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை ஆனா போதும், ஆரம்பிச்சிருவார். அம்மா காதைப் பொத்திக்குவாங்க."

"எப்ப வாங்கினார்?"

"நான் ஹைஸ்கூல்ல இருந்தேன். எழுபத்தொம்பது வசந்த காலம். ரெக்கார்டு உறை எங்கிட்டதான் இருக்கு. பின்னாடி பென்சில்ல எழுதி வச்சிருக்கார். 'இங்க இல்ல.' கீழே, 'இங்கயும் இல்ல.' அப்படியே நாலு இடம். கடைசியில 'இப்ப தட்டலாம்'னு. என்னப்பா இதுன்னு கேட்டா, மாப்ள மறுபடி கூப்பிட்டா மானம் போகக் கூடாதுல்லன்னார்."

நான் சன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரங்கத்தில் நாற்காலிகளைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். எண்களை மாற்றவில்லை. நான் பதினான்கில் உட்கார்ந்தேன். கார்லா என்னைத் தாண்டிப் போய், என் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு அந்தப் பக்கமா?" என்றேன்.

"ஆமா மாமா. இந்தா, நம்பர் போட்டிருக்கே."

என் இடது பக்கம் அவர். அப்படியானால் அவருடைய வலது பக்கம் நான். நல்ல காதின் பக்கம்.

அப்போதுதான் மீதியும் நினைவுக்கு வந்தது. அன்று அவர் உட்காருவதற்கு முன் தயங்கி நின்றார். "இடம் மாத்திக்கலாம் மாப்ளே, எப்பவும்போல நீ அந்தப் பக்கம்..." என்று தொடங்கினார். நான் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "என்ன நம்பரோ அதுலதான் உக்காரணும் மச்சான். இது மைதானம் இல்ல."

சிம்பொனி தொடங்கியது. முப்பத்தெட்டு நிமிடம் கழித்து அந்த முழக்கம் வந்தது, பிறகு அந்த இரண்டு எண்ணிக்கை. யாரும் கத்தவில்லை. ஓபோ சரியான நேரத்தில் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் 1979-ஆம் வருடத்து நோட்டை எடுத்தேன். பிப்ரவரி 11-க்கு எதிரே எல்லாம் இருந்தது. வாசித்தது, இசை நடத்துநர் பெயர், 44 நிமிடம் 20 வினாடி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி என்பதுகூட. ஆறாவது கட்டம் மட்டும் காலி. என் ஐம்பத்துமூன்று நோட்டுகளிலும் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

எழுதி முடித்த பக்கத்தில் நான் பிறகு கை வைப்பதில்லை. அன்று வைத்தேன். மை வேறு நிறமாகத் தெரியட்டும் என்று நீலத்தில் எழுதினேன்.

உடன் வந்தவர்: டெல்பர்ட் ஹின்ட்ஸ், என் மச்சான்.