துரைக்கு முன்னால் அப்பா

இன்டர்வியூவில் நல்ல பெயர் வாங்குவது எப்படி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதற்குப் போகப்போகிற அப்பாவைத் தவிர.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டு வருடம் இருக்கும். வெள்ளைக்காரன் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனதும், நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலிசெய்து டவுனையொட்டிய காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். ஆறு மாதமாக அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. அரசாங்க ஆபிஸ் ஒன்றில் பியூன் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்ததும் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் வேறு தோட்டம் தேடிப் போகவேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கோ பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மனமே இல்லை.

லோரி ஓட்டும் சித்தப்பாதான் பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியில் நான்தான் துரை. ஒன்பது வயது துரை! நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டேன். அப்பா கைகட்டி நின்று பதில் சொன்னார்.

“உக்காரச் சொன்னா உக்காந்துடுண்ணே,” என்றார் சித்தப்பா.

“போடா! கணக்கெழுதுற கிராணி முன்னாலயே உக்காந்ததில்ல. துரை முன்னால உக்காந்தா, திமிரு புடிச்சவன்னு நெனைக்க மாட்டாரா?”

துரையின் கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றே பழகியவர் அப்பா. அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கவரும். அறைப் பலகைகளைப் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வெள்ளைக்காரத் துரையைக் காணோம். சொங்கோக் தொப்பி போட்ட மலாய்க்கார அதிகாரி ஒருவர் இருந்தார். “டூடோக், டூடோக்,” என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். அப்பா சிரித்தபடி கைகட்டி நின்றார். அதிகாரி மறுபடியும் உட்காரச் சொன்னார். பரவாயில்லை துவான் என்று மலாயில் சொல்லி, அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூன்றாம் தடவை அதிகாரியின் குரல் மாறிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அதிகாரி எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து அப்பாவுக்கு எதிரே நின்றுகொண்டார். நீங்கள் நின்றால் நானும் நிற்கிறேன் என்றார். தன்னால் ஓர் அதிகாரி நிற்பதா! அப்பா பதறிப்போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் நடுங்கியது பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் விடுவேனா? அப்பா கைகட்டியது, குனிந்தது, பதறியது, முழங்கால் நடுங்க உட்கார்ந்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அம்மாவும் அதே தோட்டத்தில் பிறந்து பால்மரம் வெட்டியவர்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “போதும்டி, நிறுத்து,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் நடிப்புத்தான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்த நான், முழங்காலை இன்னும் நன்றாக நடுங்கவைத்து, முதலிலிருந்து மறுபடியும் நடித்துக் காட்டினேன்.