அல்சூர் ஏரி வேலியில் இரண்டு புதர்கள்

“அக்கா, வெட்டாதீங்க!” அல்சூர் ஏரிக்கரை வேலியோரம் கத்திக்கொண்டே ஓடுகிறேன். துப்புரவுப் பணியாளர் செல்வி அக்கா உன்னிச்செடிகளை வெட்டியபடி வருகிறார்.

கோவையிலிருந்து நான் வந்திருப்பது அவற்றில் ஒரு புதருக்காகத்தான். போன முறை கொண்டுபோன அதன் மொட்டில் குரோமோசோம்கள் இரு மடங்காக இருந்தன. பூவும் பெரிது, தேன் இருக்கும் அதன் குழலும் நீளம். தனி இனமாகவே ஆகலாம். ஆனால் பக்கத்துச் சாதாரணச் செடிகளின் மகரந்தம் பட்டால் விதை பெரும்பாலும் வீண். அதற்குத் தன்னைப் போன்ற ஒரு துணை வேண்டும்.

“இந்தப் பெரிய பூ செடியா சார்?” அரிவாளை நிறுத்துகிறார். “அந்தக் கோடியிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குது. சின்னப் பூச்சிங்க எல்லாத்துலயும் மேயும். அந்தப் பெரிய கருப்புப் பட்டாம்பூச்சி மட்டும் இதுல குந்திட்டு நேரா அங்கதான் போவுது.”

மூன்று முறை வந்தும் நான் பார்க்காதது. ஓடிப்போய் அந்தப் பூவின் குழலை அளக்கிறேன். அதே நீளம். மொட்டு ஒன்றைப் பறித்து வைத்துக்கொள்கிறேன், குரோமோசோமை எண்ணிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது அந்தக் கருப்புப் பட்டாம்பூச்சி என்னைத் தாண்டிப் போகிறது, நேராக.

“அப்ப எதையும் வெட்ட வேணாமா? மேஸ்திரி கேப்பாரு சார்.”

“அந்த ரெண்டை மட்டும் விட்டுடுங்க. நடுவுல இருக்கறது எல்லாத்தையும் வெட்டணும், அதுங்க மகரந்தம் இந்த ரெண்டுலயும் படக் கூடாது. இன்னொரு அரிவாள் இருக்கா?”

“வெட்டாதீங்கன்னு கத்திக்கினு வந்தது நீங்கதானே?” என்கிறார்.

அதற்குள் நடுவிலிருந்த செடியைப் பிடித்து இழுத்த என் உள்ளங்கையில் முதல் முள் ஏறிவிட்டது.