ஜன்னல் அளவெடுத்த மாப்பிள்ளை

அர்த்தநாரிக்குப் பொறாமை இடையில் வந்து ஒட்டிக்கொண்ட குணம் அல்ல, கூடவே பிறந்தது. எழுபதாம் வருஷம் புதுச்சத்திரம் பக்கத்தில் அவன் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பையன் சடையனுக்கு அம்மை போட்டது. சடையனை வேப்பிலையில் படுக்கவைத்து, வேளைக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து, ஆத்தா வந்திருக்கிறாள் என்று பெரியவர்களே கையெடுத்துக் கும்பிட்டார்கள். பள்ளிக்கூடமும் கிடையாது. இவனுக்கு வயிறு எரிந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் போய்ச் சடையனோடு ஒட்டிப் படுத்திருந்துவிட்டு வந்தான். ஆத்தா இவனுக்கும் வந்தாள். ஆனால் முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்ட பிறகுதான் வந்தாள். மாரியம்மன் நோம்பித் திருவிழாவின் ராட்டினத்தையும் பொம்மைக்கடையையும் வேப்பிலைக்குள் கிடந்தபடி காதால் மட்டும் கேட்டான்.

அண்ணன் கைலாசம் மூன்று வயது மூத்தவன். அவன் புளியமரத்திலிருந்து விழுந்து கை முறிந்து கட்டுப் போட்டபோது, சொந்தக்காரர்கள் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். மறுநாளே அர்த்தநாரி அதே மரத்தில் ஏறினான். மேலே போய்க் கீழே பார்த்ததும் விழும் எண்ணம் போய்விட்டது. பேசாமல் இறங்கி, அம்மாவின் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். ஆரஞ்சு வரவில்லை. சேலையைக் கிழித்ததற்காக அம்மா கையில் சீமாறு வந்தது.

நீச்சல் கதையும் இதே லட்சணம்தான். அப்பா இரண்டு பேரையும் கிணற்றுக்குக் கூட்டிப்போய், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கப் பார்த்தார். கைலாசத்துக்குக் கட்டியது பெரிய குடுக்கை, இவனுக்குச் சின்னது. அந்தப் பெரிய குடுக்கையைக் கொடுத்தால்தான் இறங்குவேன் என்று கிணற்று மேட்டில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கைலாசம் ஒரே கோடையில் நீச்சல் பழகி, மோட்டார் ரூம் கூரையிலிருந்து தலைகீழாகக் குதிக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். இவன் மேட்டில் இருந்து அவனுடைய சட்டைக்கும் டவுசருக்கும் காவல் காத்தான். தோட்டத்தில் பிறந்து, கிணற்றடியில் வளர்ந்து, கடைசிவரை நீந்தத் தெரியாமல் போன ஒரே குடியானவன் மகன் அந்தச் சுற்று வட்டாரத்தில் இவனாகத்தான் இருப்பான்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தச்சு வேலைக்குச் சேர்ந்தான். கைத்தொழிலில் குறை சொல்ல முடியாது. இவன் இழைத்த பலகையில் கையை வைத்தால் வழுக்கும். ஆனால் லாரிக்காரர்கள் வந்து நின்று பார்ப்பது பின்கதவில் பெயிண்டர் வரைந்த மயிலைத்தான். மயில் உட்கார்ந்திருக்கும் பலகையை ஒருவரும் பார்ப்பதில்லை என்று பெயிண்டரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் எண்பத்தைந்தாம் வருஷம் வைகாசியில், சேந்தமங்கலம் பக்கத்துத் தோட்டத்து ராசப்பனின் மகள் சௌந்திரத்தை நிச்சயம் செய்து உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். கல்யாணம் ஆவணியில். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவது அந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை இல்லை. ஆனால் ராசப்பன் வீட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஜன்னலும் கதவும் நானே செஞ்சு தாரனுங்க மாமா. வெளி ஆளு எதுக்குங்க?" என்றான் அர்த்தநாரி.

ஒரே ஜன்னலுக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்த தச்சன் உலகத்தில் இவன் ஒருவன்தான். நாமக்கல்லில் இருந்து சைக்கிளை மிதித்து வருவான். மாமியார் சென்னம்மாள் முன்வாசலில் நிலக்கடலை உரித்தபடி ஒரு கண்ணை இந்தப் பக்கமே வைத்திருப்பாள். சௌந்திரம் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தன்னுடைய சின்ன வயசுக் கதைகளைச் சொல்வாள். வாய் நிறையச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்றிருந்தது அவனுக்கு. கெடுத்தது ஒரே ஒரு பெயர்.

கந்தவேல். சௌந்திரத்தின் தாய்மாமன் மகன், அவளைவிட மூன்று மாதம் மூத்தவன், கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். வெளியில் பெண்ணைக் கொடுக்கும் முன் ராசப்பன் மச்சினன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சம்மதம் கேட்டிருந்தார். போர் போடும் ரிக் வண்டியில் ஆந்திராப் பக்கம் வேலையில் இருந்த கந்தவேல், தாராளமாகக் கொடுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று கடுதாசி எழுதிவிட்டான். எழுதியவன் அதோடு ஒழிய வேண்டாமா? சௌந்திரத்தின் கதைகளில் ஒவ்வொரு மூலையிலும் வந்து நின்றான்.

"கந்தவேல எருமை மேல உக்கார வெச்சு, நாந்தானுங்க அது வாலை முறுக்கி உட்டேன். எருமை நேரா ஓடி ஏரிச் சேத்துல படுத்துக்கிச்சு. கந்தவேலு ரெண்டு நாளு காது கேக்கலீன்னான்."

"கந்தவேலு மாமரத்துல இருந்தானுங்க. தோட்டக்காரரு வாராருன்னு சும்மா சொன்னேன். முள்ளு மேல குதிச்சுட்டான். ரெண்டு நாளு கவுந்தடிச்சுத்தான் படுத்தான்."

வேறு யாராவது கேட்டிருந்தால் கந்தவேலுக்காகக் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு கதையிலும் விழுந்தவன், உதைபட்டவன், நனைந்தவன் அவன்தான். அர்த்தநாரியின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. பெயர் மட்டும்தான் ஏறியது. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் கந்தவேல் என்று சொல்லும்போதெல்லாம் ஜன்னல் சட்டத்தில் ஒரு கோடு போட்டான். இரண்டாவது ஞாயிறு பத்தொன்பது கோடு.

"இதென்னுங்க இத்தனை கோடு?" என்றாள்.

"அளவு" என்றான்.

இவளுடைய பத்து வருஷத்தை எவனோ ஒருத்தன் முழுசாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான், எனக்கு மிச்சம் இருப்பது இந்த ஜன்னல்தான் என்று இவனுக்குப் பொருமியது. பதிலுக்குச் சொல்ல இவனிடம் என்ன கதை இருக்கிறது? அம்மையும் சீமாறும்தான். அதனால் அண்ணன் கதைகளை எடுத்துத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். புளியமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டது இவன். மோட்டார் ரூம் கூரையிலிருந்து தலைகீழாகக் கிணற்றில் குதித்ததும் இவனே. சௌந்திரம் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது ஞாயிறு அவள் சொன்ன கதைதான் இவன் தூக்கத்தைக் கெடுத்தது.

"அஞ்சாவது படிக்கறப்பங்க. கெணத்துச் செவுத்துப் பொந்துல புறாக்குஞ்சு இருக்குதுன்னு கந்தவேலு எறங்குனான். கல்லு பேந்து உள்ள உளுந்துட்டான். அப்ப அவனுக்கு நீச்சலு தெரியாதுங்க. நாந்தான் தூக்குனேன்."

"எப்படி?" என்று இவன் வாயைத் திறப்பதற்குள், பால் பொங்குகிறது என்று சென்னம்மாள் கூப்பிட்டாள். கதை அங்கேயே நின்றுவிட்டது.

எப்படித் தூக்கினாள்? கையைப் பிடித்தா, முடியைப் பிடித்தா, இடுப்பில் கையைக் கொடுத்தா? பத்து வயசுக் குழந்தைகள்தான். அதை நினைத்துப் பொறாமைப்படுவது மடத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? பட்டறையில் ரம்பம் இழுக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு பலகையைக் குறுக்கே அறுப்பதற்குப் பதிலாக நெடுக அறுத்து மேஸ்திரியிடம் வசவு வாங்கினான். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கேட்டுவிட வேண்டும் என்று வருவான். அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிடும். ஜன்னலையே இன்னொரு தடவை அளந்துவிட்டுப் போவான்.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்திருந்தார் ராசப்பன். புதுச் சட்டை, புது வேட்டி, கையில் கடிகாரம் என்று அர்த்தநாரி வந்து இறங்கினால், எதிரே பெல்பாட்டம் பேண்ட்டில் ஒருவன் நிற்கிறான். சுருட்டை முடி, வெயிலில் கறுத்த உடம்பு, தோளில் டேப் ரிக்கார்டர்.

"வாங்கண்ணா. நாந்தானுங்க கந்தவேலு" என்றான்.

சௌந்திரத்தைக் கட்டும் முறை உள்ள இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பிதான். முறைப்படி அவன் கூப்பிட்டதில் குற்றமில்லை. ஆனால் அந்த அண்ணா அர்த்தநாரிக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியது போல் இருந்தது. திருப்பித் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகளும் பெண்களும் கிணற்றடிக்குப் போனார்கள். அங்கே வேப்ப மரத்தில் ஊஞ்சல் ஆடத் தூரி கட்டியிருந்தது. கோடை மழை நன்றாகப் பெய்திருந்ததால் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். தூரியில் இருந்த சௌந்திரத்தை ஆட்டிவிட்டபடி கந்தவேல் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, நீங்க மோட்டார் ரூம்பு மேல இருந்து தலைகீழாக் குதிப்பீங்களாமா? சௌந்திரம் காலையில இருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கறா."

இவன் கதையை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அர்த்தநாரிக்குச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று புரியவில்லை. இரண்டையும் பட்டான்.

கந்தவேல் சட்டையைக் கழற்றிப் போட்டான். மோட்டார் ரூம் கூரையில் ஏறி, ஓடி வந்து ஒரே தாவு. தண்ணீர் மேடுவரை தெறித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். சௌந்திரம் தூரியை நிறுத்திவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். ஐந்து ஞாயிறு இவன் சைக்கிள் மிதித்து வந்து வாங்கிக்கொண்டு போன அதே சிரிப்பு. ஒருத்தன் ஒரே தாவில் அதை வாங்கிவிட்டான்.

எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்ல இரண்டு விநாடி போதும். சொன்னால் பொய்யன் என்ற பேர் வரும், கந்தவேல் முன்னால் வரும். அதற்குச் சாவதே மேல் என்று பட்டது அவனுக்கு. அவன் கூரை மேல் ஏறினான். கந்தவேல் படியேறிச் சுற்றிப்போய் எதிர்க்கரையில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். கீழே கிணறு கறுப்பாகத் தெரிந்தது. அந்த நேரத்திலும் அவன் மனதில் ஓடியது ஒன்றுதான்: இதே கிணற்றில்தானே அவனைத் தூக்கினாள், எப்படித் தூக்கினாள்?

குதித்தான். தலைகீழாக எல்லாம் இல்லை. உட்கார்ந்த வாக்கில் போய் விழுந்தான்.

மேலே வந்தான், வாயைத் திறந்தான், உள்ளே போனான். இன்னொரு தடவை வந்து கையை வீசினான். அண்ணன் வேடிக்கை காட்டுகிறார் என்று எதிர்க்கரையில் கந்தவேல் சிரித்துக்கொண்டு நின்றான். பிள்ளைகளும் சிரித்தார்கள். சௌந்திரம் மட்டும் சிரிக்கவில்லை. குதிக்கும்போது அவன் கடிகாரத்தைக் கழற்றவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள். நீச்சல் தெரிந்த எவனும் புதுக் கடிகாரத்தோடு குதிக்க மாட்டான். நோம்பிக்கு எடுத்த புதுச் சேலையோடு மேட்டில் இருந்தே அவள் பாய்ந்தாள். மூன்றாவது தடவை அவன் உள்ளே போகும்போது தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, ஒரு கையைக் கழுத்துக்கடியில் கொடுத்து, இழுத்துக்கொண்டுவந்து கல்படியில் போட்டாள்.

சத்தம் கேட்டு ராசப்பனும் சென்னம்மாளும் ஓடி வந்தார்கள். அர்த்தநாரி குப்புறக் கிடந்து குடித்த தண்ணீரைக் கக்கினான். முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. ராசப்பன் மேட்டில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீச்சலே தெரியாதா மாப்பிள்ளைக்கு? அப்ப சொன்னதெல்லாம் யாரு கதை?"

"எங்க அண்ணங் கதைங்க மாமா" என்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது? கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தான். பொய் சொன்னவனுக்குத் தோட்டங்காடு உள்ள வீட்டில் பெண் கொடுப்பார்களா?

சௌந்திரம் அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னுங்க? போயிருந்தீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பான். அர்த்தநாரி இருமினான், மூச்சை இழுத்தான், அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டான்.

"கந்தவேலையும் இப்பிடித்தான் தூக்குனயா?"

அவள் பிழிவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். ஜன்னல் சட்டத்துக் கோடுகள் என்ன அளவு என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை அவளுக்கு.

"அவனுக்கு மேல நின்னுட்டுக் கவுறுதானுங்க போட்டேன்" என்றாள்.

ராசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மாப்பிள்ளைக்குத் துவட்டத் துண்டு எடுத்து வரும்படி சென்னம்மாளிடம் சொன்னார். கந்தவேல் எதிர்க்கரையிலிருந்து சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். மேல்படியில் நின்று தன்னுடைய துண்டை நீட்டினான். அர்த்தநாரி அவனை ஏறிட்டுப் பார்த்தான்.

"கையக் குடு தம்பி" என்றான்.