பத்தொன்பது நாள் தயக்கம்

எதை எழுதுவதற்கு முன்னாலும் அவள் அதைத் தன் தொடையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொள்வாள். இந்த முதியோர் இல்லத்துக்கு ஊட்டிவிடும் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பழக்கத்துக்கும் அதே வயதுதான். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் செருகியிருப்பது சாப்பாட்டுத் தாள். ஒருவருக்கு ஊட்டி முடித்துத் தட்டைக் கீழே வைத்ததும், நீலச் சீருடையின் மேல் அவளுடைய ஆள்காட்டி விரல் ஒருமுறை ஓடும். பிறகுதான் பேனாவைத் தொடுவாள். "தொடையிலேயே பரீட்சை எழுதி பாஸாயிருவா இவ" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அவள் பாதி சிரிப்போடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

எட்டாம் வகுப்போடு அவளுக்குப் படிப்பு நின்றது. தாளிலோ இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை வரும் டாக்டருக்குத் தமிழில் பேசினால் புரியும், எழுதினால் படிக்க வராது. அதனால் முன்பிருந்த பெரிய நர்ஸ், சாமான் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் அர்த்தமும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பாட்டை ஒதுக்குகிறவர்களுக்கு அதில் நான்கு சொற்கள். ரிலக்டண்ட் என்றால் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டார். அன்வில்லிங் என்றால் சாப்பிட மனமில்லை. ரெஃப்யூஸ்ட் என்றால் மறுத்துவிட்டார். அனேபிள் என்றால் முடியவில்லை.

பென்சில் எழுத்தை மட்டும் நம்பி அவள் வேலை பார்க்கவில்லை. எந்தச் சொல்லை எழுதினால் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவற்றைக் கற்றுக்கொண்டாள். ரிலக்டண்ட் எழுதினால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அன்வில்லிங் எழுதினால் சமையலறை ஆள் வந்து விசாரித்துவிட்டு, மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் மசித்து அனுப்புவார். ரெஃப்யூஸ்ட் எழுதினால் டாக்டர் வருவார். நாலாம் எண் கட்டிலில் இருந்த தையற்காரம்மாவுக்கு ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாள் அப்படி எழுதினாள். நாலாம் நாள் அவளுக்கு விடுமுறை. மறுநாள் வந்து பார்த்தால் அந்த அம்மாவின் மூக்கில் குழாய். அதிலிருந்து அந்தச் சொல்லைத் தொடவே அவளுக்குக் கை கூசியது. அனேபிளுக்குப் பின்னாலும் குழாய்தான் வரும் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த அம்மாவுக்கு நேர் எதிரே, ஒன்பதாம் எண் கட்டிலுக்குக் கண்டக்டர் வந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். கால் இரண்டும் விழுந்துபோயும் வாய் மட்டும் ஓயவில்லை. வந்த முதல் வாரமே அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பேர் வைத்து, அதையும் சுருக்கிப் பூச்சி ஆக்கிவிட்டார். ஐந்தாறு கரண்டி உள்ளே போனதும் கையை உயர்த்தித் தடுப்பார்.

"உள்ள எடமில்ல பூச்சி. அடுத்த வண்டியில வரச் சொல்லு."

ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். ஆறு கரண்டி நாலாகி, நாலு இரண்டான பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் மதியம் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எதிர்க் கட்டிலின் குழாயை மோவாயால் காட்டினார்.

"எனக்கு அது வேண்டாம். எறங்குற எடம் வந்தா எறங்கிரணும், கம்பியப் புடிச்சுத் தொங்கக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"சரிங்கய்யா" என்றாள்.

அன்று அவள் விரல் தொடையில் முதலில் எழுதியது ரெஃப்யூஸ்ட் என்றுதான். அதுதானே உண்மை. ஆனால் சிலேட்டைத் துடைப்பதுபோல உள்ளங்கையால் அதைத் துடைத்துவிட்டு, தாளில் ரிலக்டண்ட் என்று எழுதினாள். மறுநாளும் அதையே எழுதினாள். விடுமுறைகூட எடுக்காமல் பத்தொன்பது நாள் அதையே எழுதினாள்.

ஞாயிறுதோறும் அவருடைய மகன் வருவான். துவைத்த துணிகளை அடுக்கிவைத்து, அப்பாவுக்குத் தலை வாரிவிடுவான். தங்கமான பிள்ளை. அவன் எதிரில் கண்டக்டர் வீம்புக்கு இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டு, அவன் போனதும் துண்டில் துப்பிவிடுவார். "அப்பா நல்லா சாப்பிடுறாராக்கா?" என்று அவன் கேட்டால், "கொஞ்சம் தயங்குறாருங்க" என்பாள். அவனும் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வான். அந்தச் சொல் அவனையும் வருத்தாமல் இருந்தது. பெரியவரிடம் ஒப்புக்கொண்டதை எப்படியோ காப்பாற்றிவிட்டோம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இருபதாம் நாள் எடை பார்க்கும் நாற்காலியை உருட்டி வந்தார்கள். அதற்குள் கண்டக்டரின் கேலிப் பேச்சு நின்று நாலு நாளாகியிருந்தது. காலையில் அவளைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டிருந்தார். இப்போதிருக்கும் நர்ஸ் எடையைக் குறித்துக்கொண்டு, சாப்பாட்டுத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தயங்கித் தயங்கிச் சாப்பிட்டாருன்னுங்க."

"ஆக, சாப்பிட்டாரு. சாப்பிட்ட மனுஷன் எப்படிம்மா அஞ்சு கிலோ எறங்குவாரு?"

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தது, குழாயைக் காட்டியது, எதிர்க் கட்டில் அம்மாவுக்கு நடந்ததை நினைத்து அவள் பயந்தது எல்லாம். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். நர்ஸ் திட்டவில்லை. காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெஃப்யூஸ்ட்னு எழுதியிருந்தா டாக்டர் வந்து அவர்கிட்டயே கேட்டிருப்பாரும்மா, கொழா வைக்கலாமா வேண்டாமான்னு. புத்தி தெளிவா இருக்குறவரு வேண்டாம்னுட்டா யாரும் தொட முடியாது. எழுதி வச்சிருப்போம். மகனே வந்தாலும் அதுதான்."

"தையக்காரம்மாவுக்கு வச்சாங்களே..."

"அவங்ககிட்டயும் கேட்டாங்க. சரின்னு தலையாட்டினாங்க. நான்தான் பக்கத்துல நின்னேன்."

அது அவள் விடுமுறையில் இருந்த நாள்.

மதியம் டாக்டர் வந்தார். கண்டக்டரின் காதருகே குனிந்து, குழாய் வைக்கலாமா என்று மூன்று முறை கேட்டார். கண்டக்டர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் டாக்டரிடம் வாயைத் திறந்தாள். இவர் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார் என்றாள். எப்போது சொன்னார், வேறு யார் காதில் விழுந்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகவே விசாரித்தார். தாளில் இருந்ததோ ரிலக்டண்ட் என்ற சொல்தான், அவள் கையெழுத்தில், பத்தொன்பது வரிசையில். டாக்டர் இருபதாவது வரிசையில் அனேபிள் என்று தானே எழுதி, மகனை வரச் சொன்னார்.

மகன் ஓடி வந்தான். அவள் அவனிடமும் சொல்லிப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை, அவன் கண் கலங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை கேட்டப்போ தயங்குறாருன்னுதானக்கா சொன்னீங்க? இப்போ வேண்டாங்கிறாருன்னா எதை நான் நம்புறது? அப்பாவைப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

குழாய் வைக்கச் சம்மதித்து அவன் கையெழுத்துப் போட்டான். நர்ஸ் குழாயை எடுத்து வந்தபோது தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வார்டில் அப்போது இருந்தது அவள்தான். பிடித்துக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. கண்டக்டர் ஒன்பதாம் எண் கட்டிலிலேயே இருக்கிறார். இழந்த எடையில் மூன்று கிலோ திரும்பியிருக்கிறது. கை மூக்குக்குப் போகாமலிருக்க இரண்டு கைக்கும் துணி உறை போட்டிருக்கிறார்கள். அவர் பேசுவதில்லை. நாலு வேளையும் அவள்தான் அளந்து ஊற்றுகிறாள். அவருடைய தாளில் இப்போது எழுதுவதற்கு ஒரே சொல்தான்: கிவன், கொடுத்தாயிற்று. மற்ற கட்டில்களில் யாராவது தட்டைத் தள்ளினால் அவள் எதையும் எழுதுவதில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, நடந்ததை வாயால் சொல்லி, அவரையே எழுதச் சொல்கிறாள்.