ஒன்று ஐம்பது பஸ்ஸும் பூட்டிய வீட்டுக் கம்ப்யூட்டரும்

டென்னிஸுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது பாஸ்வேர்ட் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். "நீங்க அடிங்க, நான் பாக்கல" என்பான். கட்டின மனைவி பெனிட்டா அடித்தாலும் அப்படித்தான். அது ஒரு மரியாதை என்று அவனுக்கு நினைப்பு, கொஞ்சம் பெருமையும்கூட.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் அருள்மேரியின் வீடு. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறை, ஆறிலும் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு. முதல் அறைதான் டென்னிஸுடையது. வயது முப்பத்தெட்டு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பன்னிரண்டு வருஷமாகக் காருக்கு ஒயர் பூட்டும் லைனில் நிற்கிறான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் பக்கத்து அறைக்காரனுக்கு பி.எஃப். விண்ணப்பம், எதிர்வீட்டுக்கு கேஸ் புக்கிங், யாருக்கோ போன் ஹேங் ஆகி நின்றுபோனால் அது. கூலி ஒரு டீ. "ஊருக்கெல்லாம் ஓடறியே, நம்ம வூட்டு மிக்ஸி மூணு மாசமா கெட்டுக் கீது, அது உன் கண்ணுல படலியா?" என்று பெனிட்டா கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு நழுவிவிடுவான்.

இப்படிப்பட்ட நல்லவனுக்குத்தான் அந்த வியாழக்கிழமை மதியம் வியர்த்துக் கொட்டியது.

விஷயம் இதுதான். நாலாவது அறையில் காவேரி என்று ஒரு பெண். செய்யாறு பக்கத்துக்காரி, வயது இருபத்திரண்டு, டென்னிஸின் கம்பெனியிலேயே டிரெய்னி. இன்னும் நாற்பது நாள் ஒழுங்காகப் போய்விட்டால் பெர்மனென்ட். டிரெய்னி மூன்று நாள் சொல்லாமல் நின்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். காய்ச்சலில் இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது. போன வாரம் திங்கட்கிழமை, செகண்ட் ஷிஃப்ட்டுக்கு ஒன்று ஐம்பது பஸ் வரவேயில்லை என்கிறாள் அவள். காத்துக் காத்துப் பார்த்து, ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினால் இரண்டு இருபது. கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பஸ் டிரைவர் அண்ணாதுரையோ, "ஸ்டாப்ல பஸ்ஸ நிறுத்தினேன், அந்தப் பொண்ணு இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விடுவானா டென்னிஸ்? தன் கையாலேயே அவர் மேல் புகார் எழுதி, அறைக்காரர்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். மனுஷனை ரூட்டிலிருந்து தூக்கி ஷெட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் காவேரிக்குக் கொடுத்த நோட்டீஸை மட்டும் திரும்ப வாங்கவில்லை. வியாழக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்குள் ஆதாரத்தோடு பதில் வரவேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று புதன்கிழமை சாயங்காலம் கடிதம் கையில் கிடைத்தது.

ஆதாரத்துக்கு எங்கே போவது? அருள்மேரி வீட்டு வாசல் கேமரா இருக்கிறதே! கேட்டும் தெரியும், எதிரே பஸ் நிற்கிற இடமும் தெரியும். அதை மாட்டியதே டென்னிஸ்தான். கூடத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் படம் பதிவாகும்படி செய்து, அந்த ஃபோல்டரை வைஃபையிலேயே திறந்து பார்க்க ஷேரும் போட்டு வைத்திருந்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு துண்டாகப் பதிவாகும். டிஸ்க்கில் இடம் பத்து நாளுக்குத்தான். புதுத் துண்டு ஒன்று ஆரம்பித்தால் பத்து நாள் பழையது ஒன்று அழிந்துவிடும்.

"ஒரு நிமிஷ வேலைம்மா. லேப்டாப்ப தொறந்தா அதுல கீது" என்றான் டென்னிஸ், சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டே. அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. அவனுக்கும் அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், யூனிஃபார்ம் மாட்டித் தயாராக இருந்தான். திங்கட்கிழமை ஒன்று நாற்பதுத் துண்டு இன்றைக்கு ஒன்று நாற்பதுக்கு அழியும். நேரம் கொட்டிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தான்.

ஃபோல்டர் திறக்கவில்லை. அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லை என்றது லேப்டாப்.

அணைத்துப் போட்டான். இல்லை. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் நம்பரை நேராக அடித்துப் பார்த்தான். பதிலே வரவில்லை. "நெட்டு வர்லியாண்ணா?" என்றாள் காவேரி. அவள் போனில் வீடியோ ஜோராக ஓடியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் கூடத்து ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறி ஓடும் சத்தமும் கேட்டது. கைக்கெட்டும் தூரம், ஆனால் வீடு பூட்டிக் கிடந்தது. அருள்மேரி காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கப் போய் நாலு நாள் ஆகிறது. சாவி அவள் இடுப்பில்.

"பூட்ட ஒடச்சிடலாமா?"

"ஒருத்தங்க வூட்டுப் பூட்டையா? அடப் போம்மா."

"அப்ப மெயின ஆஃப் பண்ணிடலாம். பதியறது நின்னுடும்ல?"

"இன்வர்ட்டர் கீது. கரண்டு போனாலும் கேமரா ஓடணும்னு நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கியது.

ஒன்று ஐந்து. லேப்டாப்பின் ஃபயர்வாலை அணைத்தான். ஷேரிங் செட்டிங்கை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். காவேரி பக்கத்தில் நின்று துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டேயிருந்தாள். "வேல போச்சுன்னா எங்கப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாருண்ணா. அப்புறம் வெளியவே வுட மாட்டாங்க" என்றாள். அழவில்லை, அதுதான் அவனை அதிகமாக உலுக்கியது. எத்தனை முறை இந்த ஃபோல்டரைத் திறந்திருக்கிறோம், இன்றைக்கு என்ன கேடு என்று யோசித்தான். திறந்ததெல்லாம் அருள்மேரி கூடத்தில், அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து. அறையிலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

சுரீரென்று உறைத்தது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அருள்மேரி வீட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் முழங்காலில் நின்று சிலுவைப் பாதை ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் அறைப் பையன் எவனோ போனில் கை தவறி அமுக்க, கூடத்து டிவியில் குத்துப்பாட்டு அலறியது. அருள்மேரி அன்றைக்கு ஆடின ஆட்டம் அந்தப் பாட்டில்கூட இல்லை. மறுநாளே டென்னிஸ் வைஃபையை இரண்டாகப் பிரித்தான். வீட்டுக்கு ஒன்று, அறைக்காரர்களுக்கு ஒன்று. அறை வைஃபையில் நெட் மட்டும் வரும், வீட்டுக்குள் இருக்கும் டிவியோ கம்ப்யூட்டரோ கண்ணில் படாது. செய்த புண்ணியவானே அதை மறந்துவிட்டு அரை மணி நேரமாக லேப்டாப்போடு மல்லுக்கட்டினால் எப்படி விளங்கும்?

"வூட்டு வைஃபை பாஸ்வேர்ட் தெரிஞ்சா போதும்" என்றான்.

"அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாது. அக்காதான் அடிச்சாங்க. நான் செவுத்தப் பாத்துக்கினு நின்னேன்."

காவேரி அவனைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக அந்தப் பழக்கத்தின் மேல் அவனுக்கே வெறுப்பு வந்தது.

ஒன்று இருபது. அருள்மேரியின் போன் சுவிட்ச் ஆஃப். நடக்கிறவர்கள் சார்ஜ் மிச்சம் பிடிக்க ராத்திரிதான் திறப்பார்கள். காவேரிதான் கேட்டருகே ஓடினாள். நடைபயணக் குழுவின் நோட்டீஸ் அங்கே ஒட்டியிருந்தது, அடியில் மூட்டை ஏற்றிப் போகும் டெம்போக்காரரின் நம்பர். அடித்தார்கள். திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். "இருங்க, குடுக்கறேன்" என்று அவர் போனை எடுத்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. அந்த நடை முடிய மூன்று நிமிஷம் ஆனது.

"யாரு?"

"அக்கா, டென்னிஸ் பேசறேன். உன் வைஃபை பாஸ்வேர்ட் சீக்கிரம் சொல்லு."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "இன்னாது? போன்ல யார் கேட்டாலும் பாஸ்வேர்ட சொல்லாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னது யாரு? நீ டென்னிஸ்தான்னு எனக்கு இன்னா ருசு?"

"ஐயோ அக்கா! என் குரல் தெரியலியா?"

"குரல மாத்திப் பேசி ஏமாத்தறானுங்கன்னும் நீதான சொன்ன. நீ டென்னிஸ்னா, உன் வூட்ல எந்த சாமான் கெட்டுக் கீது, சொல்லு."

"மிக்ஸி! மூணு மாசமா மிக்ஸி!" என்று கத்தினான். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

"ஆமா, பெனிட்டா பொலம்பிக்கினே இருக்கும். சரி, சொல்றேன். என் பேரு, அப்பால ஒன்னு ரெண்டு மூணு. எல்லாம் சின்ன எழுத்து."

டென்னிஸ் தலையில் அடித்துக்கொண்டான். பேரும் ஒன்று இரண்டு மூன்றும் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அவளிடம் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறான். எடுத்துவிட்டுத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

ஒன்று முப்பத்து நாலு. ஃபோல்டர் திறந்தது. திங்கட்கிழமை, ஒன்று நாற்பது. இழுத்து லேப்டாப்பில் போட்டான். பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்றது. இன்னும் ஒன்பது நிமிஷம் என்று காட்டியது. சுவர் தடுக்கிறது. லேப்டாப்பை இரு கையிலும் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, கம்பிகளுக்கு இடையே முட்டுக் கொடுத்து நின்றான். ஆறு நிமிஷம். நாலு. காவேரி போனில் மணியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. சட்டைக் காலர் நனைந்து ஒட்டியது. முப்பத்தொன்பதில் கோடு நிரம்பியது. மணி நாற்பது ஆனதும் பார்த்தால் உள்ளேயிருந்த ஃபோல்டரில் அந்தத் துண்டு இல்லை.

"வந்துடுச்சும்மா! தப்பிச்சோம்!" என்றான். காவேரி அப்போதுதான் அழுதாள்.

வாசற்படியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று நாற்பத்தேழு வரை வெறும் சாலை. நாற்பத்தெட்டில் பஸ் வந்தது. வந்து நிற்கவும் செய்தது. டிரைவர் பக்க ஜன்னலில் ஒரு தலை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கேட்டருகே கட்டம் போட்ட நீல லுங்கியில் ஒரு ஆள், கையில் பால் பாக்கெட். அந்த ஆள் கையைத் தூக்கி, யாரும் இல்லை, நீ போ என்று வீசினான். பஸ் போய்விட்டது. ஆளும் டீக்கடைப் பக்கம் போய்விட்டான். ஒன்று நாற்பத்தொன்பதுக்குக் காவேரி கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள், கழுத்தில் ஐ.டி. கார்டு ஆடியது. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நின்றாள். துண்டு முடிகிற வரைக்கும் நின்றுகொண்டேயிருந்தாள்.

"அண்ணா, இது…" என்றவள் முதல் அறை வாசலைப் பார்த்தாள்.

அந்த லுங்கி அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் வந்தால் வாசலில் நிற்கிறவன் இன்னும் ஆள் வருகிறதா இல்லையா என்று கை காட்டுவது இங்கே வழக்கம். டிரைவர்கள் அந்தக் கையை நம்பித்தான் வண்டியை எடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாகக் காட்டிக் காட்டி டென்னிஸின் கை தானாகவே எழும். அன்றைக்கு அவனுக்கு நைட் ஷிஃப்ட் வாரம், அரைத் தூக்கத்தில் பால் வாங்க வந்தவன். அன்றைக்குத் திங்கட்கிழமை, ஷிஃப்ட் மாறுகிற நாள். முந்தைய வாரம் முழுக்கக் காவேரி காலை பஸ்ஸில்தானே போனாள், இன்றைக்கும் போயிருப்பாள் என்று கை முடிவு செய்துவிட்டது. அப்புறம் அவனுக்கு நினைவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் மனதார நம்பியிருந்தான். ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணாதுரையின் முகம் கண்ணெதிரே வந்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பத்தொம்பதுல இருந்து மட்டும் கட் பண்ணிக் குடுத்தா போதும்ணா. நான் நேரத்துக்கு வந்தேன்னு தெரிஞ்சிடும். உங்க பேரு எதுக்கு வரணும்? டீம் லீடர் ஆக்கற லிஸ்ட்ல உங்க பேரு கீதுன்னு பெனிட்டா அக்கா சொன்னாங்க."

இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இருக்கிறது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, டென்னிஸ் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினான். அந்த விநாடி ரொம்ப சுகமாக இருந்தது.

பிறகு காவேரி எழுதி வைத்திருந்த பதில் கடிதத்தை வாங்கி, அதன் அடியில் எழுதினான். ஒன்று நாற்பத்தெட்டுக்கு பஸ் வந்து நின்றது. ஆள் இல்லை என்று கை காட்டி அனுப்பியது நான். டிரைவர் மேல் தப்பு இல்லை. காவேரி மேலும் தப்பு இல்லை. டென்னிஸ், லைன் மூன்று. எழுத்து கோணிக்கொண்டு போனது. துண்டை முழுசாகப் பென் டிரைவில் போட்டான்.

"மூஞ்சிய கழுவிக்கினு கார்ட மாட்டிக்கினு வா. நீயும் வா, ஆபீஸ்ல ரெண்டு பேரும் சேந்தே குடுக்கலாம்."

அவள் உள்ளே ஓடினாள். டென்னிஸ் கேட்டைத் தாண்டி வந்தபோது பஸ் வந்துவிட்டது. மணி ஒன்று நாற்பத்தெட்டு. புது டிரைவர், பெயர் தெரியாது. அவர் ஜன்னல் வழியாக டென்னிஸைப் பார்த்தார், எல்லா டிரைவரும் பார்ப்பது போல. வேறு ஆள் உண்டா, எடுக்கலாமா?

டென்னிஸ் வலது கையைப் பையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். படிக்கட்டில் ஒரு காலை வைத்து, உள்ளே ஏறாமல் நின்றான்.

"ஐம்பது ஆவட்டும்ண்ணா" என்றான். "ஒரு பொண்ணு வரணும்."