இடது பக்கக் குழாய்

மாமாவுக்கு நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர் வேலை. சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். இங்கிலாந்து வண்டி, ரெட்டை சிலிண்டர். துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு வருசம் அதையே பிரித்துப் பிரித்து மாட்டினார். அவரிடம் ஒரு படம் இருந்தது. பாலைவனத்தில் ஓட்டுகிற வண்டி. அதேபோலத் தடித்த டயர் போட்டார். மட்கார்டைத் தூக்கி வைத்தார். மணலில் புதையக் கூடாதென்று புகைக் குழாய் இரண்டையும் இடது பக்கமாகச் சீட்டுக்கடியில் உயர்த்தி வெல்டு வைத்தார். தன் கால் படுகிற இடத்தில் மட்டும் சூடு தாக்காமல் ஒரு தகடு.

"மழையே காணாத ஊருக்கு ஏத்த வண்டிதான் மாப்ள" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

மாமாவுக்குக் கல்யாணம் முடிந்த நாலாம் நாள் எங்கள் வீட்டில் விருந்து. கல்யாணத்துக்கு வந்த நான் மாமாவின் கிராமத்திலேயே இருந்தேன். என்னை டேங்கின் மேல் உட்கார வைத்தார். அத்தை பின்னால் உட்கார்ந்தாள். பெண்கள் இரண்டு காலையும் இடது பக்கம்தான் போடுவார்கள். புது நைலக்ஸ் சேலை. தெருவே நின்று பார்த்தது.

அங்கிருந்து எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கு நாலு மைல்.

"இன்னும் வேகமாப் போங்க மாமா" என்றேன். பாதி வழியில் தீய்ந்த வாசம் வந்தது.

"புது பெயிண்டு, சாமி. போகப் போகச் செரியாயிரும்" என்றார். திரும்பாமலே அத்தையிடம், "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அத்தை இறங்கினாள். சேலை முழுசாக அவளோடு வரவில்லை. ஒரு சாண் குழாயில் உருகி ஒட்டியிருந்தது. உருகியதில் மிச்சம் அவள் கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது.

அம்மா தட்டைக் கீழே போட்டாள். "ஏஞ்சாமி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நாத்தனாரான அம்மாவை அத்தை நங்கை என்றுதான் கூப்பிடுவாள். "ஒரு வருசமாச் செஞ்ச வண்டிங்க நங்கை. வழியெல்லாம் சனம் பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

அம்மா கத்தரிக்கோலால் சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தாள். சில இடத்தில் தோலும் வந்தது. அத்தை அப்போதும் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மாமாதான் அழுதார்.

சூடு பட்டவள் சும்மா இருக்கும்போது இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு சுற்றுப் போகலாமா என்று கேட்டேன்.