மூத்தோர் முதலில் இறங்கிய துடுப்பாட்டம்

இலண்டனில் இயங்கும் எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிப் பழைய மாணவர் சங்கக் கிரிக்கெட் அணி இவ்வாண்டு முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இளையோரின் அனுபவமின்மையே அதற்குக் காரணம் என்று சங்கத்தின் ஆண்டு விருந்தில் கூறப்பட்டது, கைதட்டலும் கிடைத்தது. அணியின் மேலாளனாகக் கோடை முழுவதும் எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்தவன் நான். கண்டதை எழுதிவைப்பது கடமையாகிறது.

எங்கள் பந்துவீச்சில் குறையில்லை. துடுப்பாட்டத்தைத்தான் நம்ப இயலவில்லை. ஒரு ஞாயிறு ஓட்டங்கள் குவியும். மறு ஞாயிறு, மதிய உணவுக்கு வெம்பிளியிலிருந்து கொத்துரொட்டி வந்து சேருமுன்னரே அணி முழுவதும் ஆட்டமிழந்திருக்கும். இதற்கு மாற்றாகவே, இலண்டனில் பிறந்த உறுப்பினர் பிள்ளைகள் சிலரைக் குளிர்காலத்தில் டூட்டிங்கில் ஓர் உள்ளரங்கில் பயிற்றுவித்தோம். அவர்களுள் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மிகத் தேர்ந்தவர்.

ஆயினும் எங்கள் அணியில் துடுப்பாட்ட வரிசை திறமையால் அமைவதன்று. யாழ்ப்பாணத்தில் பள்ளியை விட்டு முதலில் வெளியேறியவர் இங்கு முதலில் களமிறங்குவார். அப்பள்ளியைப் பார்த்தேயிராத பிள்ளைகளுக்குக் கடைசி இடங்களே எஞ்சும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் மட்டுமே முதற்பிரிவில் நீடிக்கலாம் என்ற நிலை. அம்மாணவரைத் தொடக்க வீரராக அனுப்புமாறு அணித்தலைவரிடம் முதல்நாளே கேட்டேன், இசைந்தார். மறுநாள் நான் திடலை அடைந்தபோது, பருவம் முழுதும் வராத மூத்தவர் ஒருவர் கால்காப்பு அணிந்து, நடுவர்களுக்கும் முன்னதாக ஆடுகளத்தருகே நின்றார். பள்ளியில் மாணவத் தலைவராக இருந்தவர் அவர். அணித்தலைவரைத் தனியே அழைத்து வினவினேன்.

“அவர் எங்கட சீனியர் பிரிபெக்ட், அண்ணை. காலில கட்டினதைக் கழட்டுங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

“இண்டைக்குத் தோத்தா கீழ இறங்கிவிடுவம்.”

“ஓம், தெரியும். ஆனா வாற கிழமை அவற்ற மகளின்ர கலியாணத்தில நான் அவரைப் பாக்க வேணுமெல்லே.”

எதிரணி ஆடி முடித்து எங்கள் முறை வந்ததும், மூத்தவர் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார். அவரைத் தொடர்ந்தோர் வகுப்பு வரிசை பிசகாமல் சென்றனர், அவ்வாறே திரும்பினர். ஏறத்தாழ எல்லாம் முடிந்த நிலையில் இறங்கிய மாணவர் பந்தை நாற்புறமும் விரட்டினார். வெற்றி கைக்கெட்டும் தொலைவில் வந்தபோது, மறுமுனையில் நின்ற கடைசி வீரர் ஆட்டமிழந்தார். மாணவர் இறுதிவரை ஆட்டமிழக்கவில்லை.

கையுறைகளைக் கழற்றியபடி என்னிடம் வந்து, “அங்கிள், இன்னும் ரெண்டு ஓவர் ஆராவது என்னோட நிண்டிருந்தாக் காணும், வெண்டிருப்பம்” என்றார். அருகில் நின்ற மூத்தவர் மாணவரின் தோளைத் தட்டி, அவசரத்தால்தான் ஆட்டம் கைநழுவியது, பொறுமை பழக வேண்டும் என்று அறிவுரை கூறினார்.

வரும் ஆண்டின் தொடக்க வீரராக அம்மூத்தவரே மீண்டும் தெரிவாகியுள்ளார். மாணவர் தம் பல்கலைக்கழக அணிக்குச் செல்கிறார்.

இவை யாவும் நினைவிலிருந்து எழுதியவை. யார் எப்போது இறங்கினார், என்ன சொன்னார் என்பவற்றில் நான் தவறியிருப்பின், அன்று திடலில் இருந்தோர், வகுப்பில் எனக்கு இளையோராயினும், தயங்காது திருத்தித் தருக.